வெள்ளிமலைக்கு ஒரு நடை

“ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுடுங்கண்ணே. மலைப்பாதைல லாரி கவுந்தா இன்னா பண்ணுவீங்க?” என்று விடாமல் நச்சரித்தான் ஏஜென்ட் சின்னராசு.

லாரிக்காரர் காசிநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இருவது வருசமா ஓட்டிக்கினு இருக்கேன். சட்டத்துக்குப் போடற தேர்டு பார்ட்டியே எனக்கு ஜாஸ்தி! ஏறு வண்டில. வெள்ளிமலைக்கு ஒரு நடை வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லு.”

பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறி, கதை பேசிக்கொண்டே இறங்கினார். வழியெல்லாம் சின்னராசு பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

திரும்பக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்ததும், “உங்களுக்கு ஃபுல்லே வேணாண்ணே. தேர்டு பார்ட்டி போதும்” என்றான்.

“இப்பத் தெரிஞ்சுதா நான் யாருன்னு?” காசிநாதன் மீசையை முறுக்கினார்.

சின்னராசு லாரிக்குப் பின்னால் போய் ஆபீசுக்கு போன் போட்டான். அது காசிநாதன் காதிலும் விழுந்தது.

“சார், கொண்டை ஊசி வளைவுல கூட ஸ்டீரிங்க உட்டுட்டு, என் மொகத்தப் பாத்துப் பேசிக்கினு வர்றாரு சார்! இவருக்கு ஃபுல் குடுத்தா, நம்ம கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்!”