எருமை ஏப்ப நாற்காலி

அந்தியூர் குருவம்மாவின் ஆறு எருமைகள் விடும் ஏப்பம் கொட்டகைக் கூரையிலேயே பிடிபட்டுவிடும். வாரம் ஒரு லாரி வந்து அந்த வாயுவை எடுத்துப் போகும். ஆலையில் அது பிளாஸ்டிக் ஆகும். அப்படிச் செய்த புது நாற்காலிகளைத்தான், மகள் தவமணியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் போட்டிருந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்லசாமி மட்டும், நாற்காலி எதில் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உட்காரவில்லை.

"எருமை ஏப்பத்துல எப்படிங்க உட்கார்றது? இந்தச் சம்பந்தம் சரிப்படாது, கிளம்புங்க" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

தவமணி ஈரோட்டில் நர்ஸ். காபித் தட்டை வைத்துவிட்டு நல்லசாமியிடம் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போன தை மாசம் நீங்க எங்க வார்டுலதான் இருந்தீங்க மாமா. உங்க இதயக் குழாய்ல வச்ச ஸ்டென்ட்டும் இதே பிளாஸ்டிக்தானுங்க."

நல்லசாமியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"இந்த எருமைங்களோடதா?" என்றார் மெதுவாக.

"இந்தப் பக்கத்து எருமைங்கதான். எதுன்னு சொல்ல முடியாதுங்க மாமா."

அவர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். போயே போய்விட்டார் என்று குருவம்மா நினைத்தாள். அவரோ கொட்டகைக்குப் போய், ஒன்று விடாமல் ஆறு எருமைகளுக்கும் கை நிறையப் புல் அள்ளிப் போட்டார். திரும்பி வந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நிச்சயத்துக்கு நாள் பார்த்துடலாமா?"

"அதுக்கு முன்னாடி நான் உங்க பையன்கிட்டப் பேசணுங்க மாமா" என்ற தவமணி, மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.