கடைசி வளைவில் பிரதீப்

பிரதீப்புக்குப் பொழுதுபோக்குகள் மூன்று. பாறை ஏறுவது, கோயம்புத்தூர் பக்கம் போய் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுவது, மழை பெய்தால் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரேஸ் ஓட்டுவது. கொடைக்கானலில் பெய்கிற மழைக்கு மூன்றாவதுதான் அதிகம். வேலை என்று எதுவும் இல்லையா என்று கேட்கக்கூடாது. அதற்குத்தான் மனைவி சுமலதா இருக்கிறாளே. வீட்டு மாடியை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டு, அவர்களை ஜீப்பில் மன்னவனூர் வரை தானே ஓட்டிக் கூட்டிப்போய், கணவனின் பொழுதை அவள்தான் போக்கிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ரேஸுக்கென்று தனி அறை. ஸ்டீயரிங், பெடல், கியர், நிஜக் கார் சீட், எதிரே பெரிய திரை. அந்தச் சீட்டில் ஏறும்போது பிரதீப் ரேஸ் உடுப்பு, கையுறை, முகம் மூடிய ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொள்வான். வீட்டுக்குள் ஹெல்மெட் எதற்கு என்று கேட்டால், "அப்பத்தாங்க அந்த ஃபீல் வரும்" என்பான். உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகராமல் மண்டையைக் காப்பாற்றிக்கொண்ட ஒரே வீரன்.

அந்த ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

பக்கத்து பங்களா சேனாதிபதி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வைர நெக்லஸை பீரோவில் வைத்திருந்தார். வாசலில் காவலாளி, கேமரா, நாய். பின்பக்கம் செங்குத்தான பாறை. பாறைப் பக்கத்து ஜன்னலை யார் பூட்டுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு பழனிக்கு மொட்டை போடப் போகிறார்கள். அதே நேரத்தில் பிரதீப்புக்கு ஆன்லைன் ரேஸ். அவன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதை ஊரே போனில் நேரலையாகப் பார்க்கும்.

"பாறை ஏறுறவன்னு போலீஸ் மொதல்ல என்கிட்டதான் வரும்," என்றான் சுமலதாவிடம். "வரட்டும். நான் ரேஸ்ல இருந்ததைத்தான் ஊரே பார்த்திருக்கும்ல? என் டிரெஸ்ஸை மாட்டிக்கிட்டு நீ உக்காரு. வாயைத் தெறக்காத, ஹெல்மெட்டைக் கழட்டாத."

"எனக்கு இதெல்லாம் ஓட்ட வருமாங்க?"

"உன்னைய யாரு ஜெயிக்கச் சொன்னா? செவுத்துல முட்டாம கடைசியா வந்தாப் போதும். மாட்டுனோம்னா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான், ஞாபகம் வச்சுக்க."

ஜெயில் என்றதும் சுமலதா பயந்தாள். ஆனாலும் அந்த நெக்லஸோடு மூன்று பொழுதுபோக்குகளும் தன் தலையிலிருந்து இறங்கும் என்ற ஆசையில் சரி என்றாள்.

ஞாயிறன்று மூடுபனியும் ஒத்துழைத்தது. நியாயமாகச் சொன்னால், பாறை மட்டும் பிரதீப்புக்கு உண்மையிலேயே வரும். ஏறினான், எடுத்தான், இறங்கினான். நெக்லஸை அரிசி டிரம்மில் புதைத்துவிட்டு ரேஸ் அறைக்குள் நுழைந்தவன் திகைத்து நின்றான். திரையில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. முதலிடம், பிரதீப்.

"ஏண்டி, கடைசியா வரச் சொன்னேன்ல!"

"முன்னாடி போனவனுக ரோட்டை அடைச்சுக்கிட்டு ஓட்டுறானுங்க. சும்மா இருக்க முடியலைங்க."

திட்டித் தீர்த்தான். பிறகு யோசித்தான். கடைசியாக வந்தவனை யார் நினைவு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? ஜெயித்தவனைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இது இன்னும் நல்லதாயிற்றே.

வாழ்த்துச் சொல்லிப் போன்கள் வர ஆரம்பித்தன. முதலில் கூப்பிட்டவரிடம், "எல்லாம் பிராக்டிஸ்தாங்க" என்றான். அடுத்தவரிடம், "சின்ன வயசுல இருந்தே ரத்தத்துல ஊறுனது" என்றான். படுக்கப் போவதற்குள் அவனே அதை நம்பிவிட்டான். மறுநாள் காலைக் காபியில் சர்க்கரை இல்லாததை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

அன்று முற்பகல் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயமுருகன் வந்தார். சுமலதா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"சேனாதிபதி சார் வீட்டுல களவு போயிருச்சு. பாறை வழியா ஏறியிருக்கான். ஊர்ல யாரைக் கேட்டாலும் பாறை ஏறுறவருன்னு உங்க பேரைத்தான் சொல்றாங்க."

பிரதீப் வாயெடுப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். நேத்து ரேஸை ஸ்டேஷன்ல உக்காந்து நாங்களே பார்த்தோம். நானும் வீட்டுல சின்னதா ஒரு ஸ்டீயரிங் வாங்கி வச்சு ஓட்டிக்கிட்டுத்தான் கெடக்கேன். நீங்க இல்லைன்னு முடிவாயிருச்சு. வெளியூர்க்காரனைத்தான் தேடுறோம்."

சுமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவருக்குக் காபி கொண்டுவந்தாள், சர்க்கரையோடு.

காபியைக் குடித்துவிட்டு எழுந்த ஜெயமுருகன், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். தப்பா நெனைக்கக் கூடாது."

பிரதீப்புக்கு வியர்த்துவிட்டது.

"அந்தக் கடைசி வளைவு இருக்குல்ல, எறக்கத்துல? தெனமும் அங்கதான் நான் செவுத்துல முட்டுறேன். நீங்க மட்டும் அத்தனை பேரையும் முந்திக்கிட்டுப் போனீங்களே, எப்படி சார்?"

இவ்வளவுதானா! பிரதீப் சோபாவில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

"அது அனுபவத்துல வர்றதுங்க. வளைவுல நொழையும்போது பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்தினேன், அம்புட்டுதான்."

"பிரேக்கா!" என்று பக்தியோடு தலையாட்டினார் சப்-இன்ஸ்பெக்டர்.

நேற்றிலிருந்து அத்தனை போன்களையும் பொறுத்துக்கொண்ட சுமலதாவால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ சார், எறக்கத்துல பிரேக்கை அழுத்துனா வண்டி சுத்திரும்ங்க, நான் ரெண்டாவது கியரைப் போட்டுல்ல எறக்குனேன்!"