பட்டு நூல் தையல்

பாம்படம் போட்டு வளர்த்த காதுகளை அறுத்துக் குட்டையாக்கிக்கொள்ள ராமநாதபுரமே கிளம்பி வந்ததில், நர்ஸ் செசிலிக்குக் கால் கடுத்தது. புதிதாக வந்த டாக்டரோ வாயே திறக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மேசையில் சோலையம்மாள்.

"யாரு பெரியம்மா அறுக்கச் சொன்னது?"

"மகன்தான். வீட்டுக்குப் பெரிய மனுசங்க வந்தா என்னை அடுப்படிக்குப் போகச் சொல்றான். காது அசிங்கமா இருக்காம்."

"அந்தக் காதைப் பிடிச்சுத் தொங்கித்தான வளந்திருப்பான்! கையில கெடைச்சா அவன் வாயைத் தச்சு விட்ருவேன்."

டாக்டரின் ஊசி நின்றது, மறுபடி ஓடியது.

"இது பட்டு நூல், தானாக் கரையாது. அடுத்த வாரம் பிரிக்க இங்கன வரணும்" என்றாள் செசிலி.

"எதுக்கு ஆத்தா அலையணும்? மகன் வீட்டுலயே பிரிச்சிருவான்" என்றாள் சோலையம்மாள். "இந்தா, தைக்கிறவனே அவன்தான."