முட்டைக்குள் விழும் குழி

அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் வெயில் சாய்கிறது. ஓணான் முட்டைகளை ஆராயும் ஜோசஃபின் அக்கா, லேப்டாப்பில் ஒரு கருவின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிறாள். “கண்ணு முதல்ல நீளும், அப்புறம் உருண்டையாகும்டா. அப்போ விழித்திரையில குட்டிக் குழி விழும். கூர்மையா பாக்குறதே அதாலதான். நம்ம கண்ணுலயும் இருக்கு. தெரியுதா க்ளென்?” “தெரியுதுக்கா.” எனக்குத் திரையின் ஓரமும் கொடியில் ஆடும் துணியும் தெரிகின்றன, நடுவில் மட்டும் விரலால் தேய்த்ததுபோல் சாம்பல் நிறம். பள்ளிக் கண் பரிசோதனையில், வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளைக் கேட்டு அப்படியே ஒப்பித்துவிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது. “அந்தக் குழி கெட்டுப்போனா மறுபடி விழுமாக்கா?” “எங்கடா, ஒரே தடவைதான். ஏன், ஓணானுக்குக் கண்ணாடி போடப் போறியா?” அக்கா சிரிப்பது கேட்கிறது. அந்தப் பக்கம் திரும்புகிறேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதே சாம்பல்.