பெர்லினில் இன்னும் விடியவில்லை

ஞாயிறு நடுப்பகல். வெள்ளி இரவிலிருந்து கிளப் கிளப்பாகப் பாட்டுப் போட்டுவரும் டிஜே தில்மான் கண்கூச முற்றத்தில் நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு தாளத்துக்கு அதிர்கிறது. கையில் போன், உள்ளே யாரும் படமெடுக்கக் கூடாதென்று வாசலில் ஒட்டிவிட்ட சிவப்பு ஸ்டிக்கர் அதன் முன்பக்கக் கேமராவையும் மூடியிருக்கிறது. திரையில், இன்று நான்கு வயதாகும் மகள் ஃபென்யா, ஏற்றாத மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால். "விடிஞ்சதும் வந்துடறேன்னியேப்பா! இங்க விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. அங்க ஏன் ஒரே இருட்டா இருக்கு?" கதவு திறக்கிறது, கிளப்காரன் கத்துகிறான்: "டேய், இன்னும் ஒரு மணி நேரம் போடுறியா? ஜனம் விடமாட்டேங்குது!" தில்மானின் தலை சரியென்று தானாக ஆடிவிடுகிறது. கதவு சாத்தப்படும்வரை காத்திருக்கிறான். பிடரியில் வெயில் சுடுகிறது. "இங்க இன்னும் விடியலடா கண்ணு" என்கிறான். ஓரம் பெயர்ந்திருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரல் அழுத்தி ஒட்டுகிறது.