கான்ட்ராபாஸ் கிளாரினெட்டுக்கு வந்த கிராக்கி

கிளாரினெட்டின் குழல் நீள நீள ஒலி கீழே இறங்கும். கான்ட்ராபாஸ் கிளாரினெட்டின் குழல் ஆள் உயரத்தையும் தாண்டும் என்பதால், பெரும்பாலும் அதை மடித்துத்தான் செய்கிறார்கள். நியூயார்க்கிலேயே அதை வைத்திருப்பவர்கள் வெகு சிலர். பிராட்வேயில் தொடங்கவிருந்த ஓர் இசைநாடகத்தில், மேடைக்கடியில் அமர்ந்து அதை வாசிக்கும் வேலை மார்லாவுக்குக் கிடைத்தது. "சொந்தமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினாள். அவளிடம் இல்லை.

ஒருவழியாக, நகரின் குவீன்ஸ் பகுதியில் வெண்டல் என்ற ஓய்வுபெற்ற இசைக்கலைஞர் இரவல் தருவதாகப் போனில் சொன்னார். சனிக்கிழமை போய் நின்றாள்.

"தர முடியாதும்மா."

"தரேன்னு சொன்னீங்களே சார்?"

"பத்து வருஷமா இதை ஒருத்தரும் சீந்தல. நீ பேசினதுலேர்ந்து போன் ஓயல. ஊர்ல வாசிக்கிறவங்க எல்லாருக்கும் இதுதான் வேணுமாம். இவ்வளவு கிராக்கின்னா நாமளே வாசிப்போமேன்னு, நீ சொன்ன நாடகத்துக்கு ஆள் எடுக்கிறவர்கிட்ட வேலை கேட்டேன். 'மார்லான்னு ஒருத்தங்க இருக்காங்க, சொந்தமா வச்சிருக்காங்க'ன்னாரு. 'அவ என்கிட்டதான் இரவல் கேட்டிருக்கா'ன்னேன். 'அப்ப நீங்களே வாங்க'ன்னுட்டாரு. தப்பா எடுத்துக்காதே."

தெருவுக்கு வந்ததும், புல்லாங்குழல் வாசிக்கும் தோழி ட்ரூடி அழைத்தாள்.

"மார்லா, குவீன்ஸ்ல ஒரு பெரியவர்கிட்ட இருக்குடி. நீ தேடச் சொன்னேன்னு நாங்க எல்லாரும் மாத்தி மாத்தி அவரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"எனக்குன்னு சொன்னீங்களா?"

"சேச்சே. உன்கிட்ட இல்லேன்னு வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடுமே. அவங்கவங்களுக்கு வேணும்னுதான் கேட்டோம்."