மேஜைமேல் பாஸ்போர்ட்

இரும்புலியூர்ப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில், ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்த மேஜைமேல் குல்ஷன் தன் பாஸ்போர்ட்டை வைக்கிறாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. "ஓட்டர் ஐடி இல்லையாம்மா?" என்கிறார் தேர்தல் வேலைக்கு வந்திருக்கும் புஷ்பம் டீச்சர். "மஸ்கட்ல தையல் வேலை டீச்சர். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்தான்." டீச்சர் கையை நீட்டுகிறார். குல்ஷன் தானே பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறாள், ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடி. "நான் என்ன தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்?" வரிசையில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "போய் இறங்கின அன்னிக்கே முதலாளி வாங்கிப் பூட்டிட்டாரு. ஓட்டுப் போடணும்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இனிமே யார் கையிலயும் குடுக்கறதா இல்ல." டீச்சர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுகிறார். மேஜைமேல் குனிந்து, பாஸ்போர்ட் அவள் பிடிக்குள் இருக்கும்போதே எண்ணைப் படித்து எழுதிக்கொள்கிறார். மை வைக்கும்போது வலது கை அதைப் பிடித்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது இடது கை. மறைப்புக்குள் போகிறபோது பாஸ்போர்ட் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. மை காயாத விரலாலேயே பொத்தானை அழுத்துகிறாள். பீப் சத்தம் நின்று அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.